டிரவுட் கிட்டுக்கு ஒரு பெட்டி

இன்று திருத்தங்கலில் எங்கள் அச்சகத்துக்கு ஓர் அண்ணாச்சி வந்தார். பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் போடுகிறவர். இப்போது புதிதாக, மலை ஓடையில் டிரவுட் மீன் பிடிக்க ஒரு கிட் போடுகிறாராம். ‘புதியவர்களுக்குத் தேவையான அனைத்தும்’ என்று பெட்டியில் அச்சடிக்க வேண்டும்.

மாதிரிப் பெட்டியைத் திறந்தேன். ஒரு தூண்டில் கம்பு, இறகு கட்டிய முள், மெல்லிய நைலான் நரம்பு. கீழ்ப்பாதி முழுக்க இடத்தை அடைக்க வெற்று அட்டை.

நான் ஊட்டியில் இந்த மீனைப் பிடித்துப் பழகியவன். “அண்ணாச்சி, இந்த இறகு முள்ளுக்கு எடையே கிடையாது. கனமான நரம்புதான் அதை இழுத்துட்டுப் போகும், அது இதுல இல்லை. இதை வீசினா காலடியிலதான் விழும்” என்றேன்.

“என்ன தம்பி இப்பிடிப் பேசுதீக? மயில் படம் போட்ட வெடிப் பெட்டிக்குள்ள மயிலா இருக்கு? மீனைப் பெருசா வரைங்க, போதும்.”

“வாங்குறவுக ஏச மாட்டாகளா?”

“வெடி நமுத்துப்போனா நம்மளை ஏசுவாக. மீன் சிக்கலைன்னா, தனக்குத்தான் கை வரலைன்னு நினைச்சுக்குவாக.”

சிரித்துக்கொண்டே சொன்னார்.

முதலாளி ஆர்டரை எடுத்துவிட்டார். நான் மீன் வரைந்துகொண்டிருக்கிறேன்.

அந்தக் கிட்டை வாங்கி ஒன்றும் சிக்காமல் போனால், தயவுசெய்து உங்கள் கையை நொந்துகொள்ளாதீர்கள். இங்கே வந்து என்னைத் திட்டுங்கள்.