டேஷ்போர்டில் மூன்று பொட்டு

என் 1971ஆம் ஆண்டு ஸ்போர்ட்ஸ் காரின் உட்புறத்தை, அது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே மீட்டெடுக்க இரண்டு வருடம் ஆனது.

பழைய கார் பிரியர்களான எங்கள் இணையக் குழுவில் ஓர் இங்கிலாந்துக்காரர் இருக்கிறார். சீட்டின் படத்தைப் போட்டால், "இந்தப் பழுப்பு அடுத்த வருட மாடலுக்கு உரியது" என்பார். அவருக்குப் பயந்தே சீட்டை இரண்டு முறை பிரித்துத் தைத்தேன்.

இன்று காலை, மனைவியின் கட்டளைப்படி, காரை இங்கே மலேசியாவில் எங்கள் ஊரான ரந்தாவ் எஸ்டேட் முனியாண்டி கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோனேன்.

"அண்ணே, உள்ள மட்டும் ஒண்ணும் வைக்காதீங்க. எல்லாம் ஒரிஜினல் கலரு," என்றேன்.

"வெளிய வச்சா மழையில போயிரும் லா தம்பி," என்றார் பூசாரி. சொல்லி முடிப்பதற்குள் வெண்ணெய் நிற டேஷ்போர்டில் மூன்று குங்குமப் பொட்டு.

வீட்டுக்கு வந்து துடைத்தேன். குங்குமம் போனது, சிவப்பு போகவில்லை.

"இப்பதாங்க நம்ம காடி மாரி இருக்கு," என்றாள் மனைவி, காரைத் தட்டிக்கொடுத்து.

வேறு வழியில்லாமல் அப்படியே குழுவில் படம் போட்டேன். இங்கிலாந்துக்காரர் உடனே வந்துவிட்டார். நிறம் சரியாம், தையல் சரியாம். அந்த மூன்று சிவப்புப் புள்ளிகள் மட்டும் எந்தக் கையேட்டிலும் இல்லையே என்றார்.

"மலேசியாவுக்கு வந்த கார்களில் மட்டும் உண்டு," என்று எழுதினேன்.

தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். அவரிடமும் இதே கார் இருக்கிறது. அதற்கும் மூன்று புள்ளி வேண்டுமாம்.

பூசாரியை இங்கிலாந்துக்கு அனுப்புவதா, இங்கிலாந்துக்காரரைக் காரோடு ரந்தாவுக்கு வரச் சொல்வதா? நீங்களே சொல்லுங்கள்.