விற்க மறுத்த வீட்டுக்காரம்மா

திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு வீட்டை வாங்கலாம் என்று நானும் மனைவியும் ஏறக்குறைய முடிவு செய்திருந்தோம். கடைசியாக ஒருமுறை பார்த்துவிட, மகளையும் அழைத்துக்கொண்டு போனோம். வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, நெற்றி நிறையக் குங்குமம். கன்டெய்னர் லாரி கடக்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, புழுதி விழாமல் தண்ணீர்ச் சொம்பைக் கையால் மூடிக்கொள்வார். லாரி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

மகள் இருமினாள். நான் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தேன். அவர் அதையே பார்த்தார்.

"பாப்பாவுக்கு இழுப்பு கீதா?"

"ஆமாம்மா, ரொம்ப நாளா."

"அப்போ இந்த வூடு உனக்கு வேணாம் நைனா."

"ஜன்னலை மூடி வச்சிக்கலாம்மா."

"மூடிக்கினுதான் நானும் கீறேன். எனக்கே மூச்சு வாங்குது, அதான் விக்கிறேன். கொயந்தைய இங்க இட்டாராதே."

என் மனைவி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு உள்தெரு ஒன்றில் வேறு வீடு வாங்கினோம். மகள் இப்போது மூச்சிரைக்காமல் மாடிக்கு ஓடுகிறாள். அந்த வீட்டை விற்றால்தான் அவரும் அங்கிருந்து போக முடியும். அது தெரிந்தும் எப்படித்தான் வேண்டாம் என்று சொன்னாரோ!