கிரேக்க இளைஞனை நகர்த்திய நாள்

1. குகை

வேலையில் சேர்ந்த முதல் நாள், பாஸ் ராஜன் என் கையில் ஒரு ஜோடி கையுறையும் ஒரு கிளிப்போர்டும் கொடுத்தார். "பாரு, எழுது, அப்புறம் தொடு. இத மாத்திச் செஞ்சா வீட்டுக்குப் போயிடலாம் லா," என்றார்.

அப்போது எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இந்தத் தீவின் வடகோடியில், செம்பவாங்கில் பிறந்தவன். செகண்டரி இரண்டோடு படிப்பு நின்றது. கப்பல் பட்டறையில் துரு சுரண்டினேன், பாசிர் ரிஸ்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவினேன், லாரி ஓட்டினேன். எந்த வேலையிலும் மூன்று வருடம் தாண்டியதில்லை. கலைப் பொருட்களைப் பெட்டியிலிருந்து பிரித்து, தூக்கி, இடத்தில் வைக்கும் இந்த வேலை கிடைத்ததுகூட என்னிடம் லாரி லைசென்ஸ் இருந்ததால்தான்.

நான் சொல்லப்போவது கிளமெண்டி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நடந்தது. மேற்கத்தியக் கலையின் கதையை முதலாண்டு மாணவர்களுக்குக் காட்ட வரிசையாக ஐந்து அறைகள்: குகை, எகிப்து, கிரேக்கமும் ரோமும், நடுக்காலத் தேவாலயம், மறுமலர்ச்சி. அசல் ஒன்றும் கிடையாது, எல்லாம் நகல். ஆனால் சில பிளாஸ்டர் நகல்கள் மிகப் பழையவை, வெளிநாட்டிலிருந்து இரவல் வாங்கியவை.

என் கூட்டாளி செல்வம். புதுக்கோட்டைக்காரன். வொர்க் பெர்மிட்டில் வந்து ஆறு வருடம். ஊரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். குகைச் சுவர் ஃபைபரில் செய்தது. இருவரே தூக்கி மாட்டினோம். அதில் சிவப்பும் கறுப்புமாகத் திமிலோடு ஒரு காட்டெருது. செல்வம் தள்ளி நின்று பார்த்தான்.

"அண்ணே, இத எங்க ஊரு வாடிவாசல்ல அவுத்து விட்டா ஒருத்தன் கிட்ட வர மாட்டான்."

"வரைஞ்சவன் கிட்டப் போயிருக்கான்ல?"

"அவனுக்கு என்ன பசியோ," என்றான்.

2. எங்கே உடையும்

பாடத்தை நடத்தியவர் டாக்டர் கமலினி. யாழ்ப்பாணப் பூர்வீகம், இங்கேயே பிறந்தவர். ஓர் அறை முடிந்ததும் மாணவர்களை அழைத்து வந்துவிடுவார். யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ள நான் பின்னால் நிற்பேன். அப்படித்தான் எனக்குக் கலை வரலாறு வந்தது. அதை நான் புரிந்துகொண்டது ஒரே வழியில்: எது எங்கே உடையும்?

எகிப்துக்காரன் உடைய மாட்டான். கைகள் உடம்போடு ஒட்டியிருக்கும், கால்களுக்கு நடுவில்கூடக் கல்லை விட்டுவைத்திருப்பான். தூண் மாதிரி, எங்கே பிடித்தாலும் தூக்கலாம். ரோமானியக் கிழவர்கள் வெறும் தலைகள். மூக்கை மட்டும் காப்பாற்றினால் போதும். தேவாலயத்து மேரி மரத்தில் செய்தவள், மடியிலிருந்த பிள்ளையின் விரல்கள்தான் கவலை.

கிரேக்கன்தான் தொல்லை. ஆளுயர இளைஞன், உடம்பில் துணியில்லை. முழு எடையையும் ஒரு காலில் போட்டு மறு காலைத் தளர்த்தி, இடுப்பைச் சாய்த்து, பேருந்துக்குக் காத்திருப்பவன் போல் நிற்கிறான். கணுக்கால் என் மணிக்கட்டை விடக் கொஞ்சம்தான் தடிமன். பக்கத்தில் ஒரு வெட்டுப்பட்ட அடிமரம், தொடை வரைக்கும்.

அந்த மரம் எதற்கு என்று ஒரு மாணவி கேட்டாள். அழகுக்கு இல்லை என்றார் டாக்டர். வெண்கலத்தில் செய்தால் இப்படி நிற்கும். பளிங்கில் செதுக்கினால் கணுக்கால் தாங்காது. அதனால் எடையைத் தாங்க அடிமரத்தையும் சேர்த்துச் செதுக்கினார்கள். எனக்கு அது பிடித்துப்போனது. சிற்பியும் நம்மைப் போல எடையைக் கணக்குப் பார்த்த ஆள்தான் என்று நினைத்தேன். அதற்குள் வெளியே லாரியை நகர்த்தச் சொல்லி பாஸ் கூப்பிட்டார். பாதியில் போய்விட்டேன்.

3. மறுமலர்ச்சி

கடைசி அறை முடியும் நேரத்தில் டாக்டர் ஒரு மாற்றம் கேட்டார்.

"அங்கிள், அந்த கிரீக் பையனை லாஸ்ட் ரூமுக்குக் கொண்டு வர முடியுமா? ரினைசான்ஸ் சிலையும் அதே மாதிரி ஒரு கால்லதான் நிக்குது. ஆயிரம் வருஷத்துக்கு மேல மறந்துட்டு, திரும்பவும் இவன்கிட்டதான் கத்துக்கிட்டாங்க. ரெண்டும் பக்கத்துல இருந்தா ஸ்டூடண்ட்ஸுக்கு நான் பேசவே வேண்டியதில்ல."

"எப்ப வேணும் டாக்டர்?"

"ரெண்டு மணிக்கு கிளாஸ். அவசரம்னா வேணாம் அங்கிள், நாளைக்குப் பாத்துக்கலாம்."

சிலையைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்டரோடு எங்கள் மூன்றாவது ஆள் வேறோர் இடத்தில் இருந்தார், மூன்று மணிக்குத்தான் வருவார். முறைப்படி நான் காத்திருக்க வேண்டும். முடியும் என்று சொல்லிவிட்டேன். அவர் சொன்னதைப் புரிந்துகொண்டவன் என்று காட்டும் ஆசை எனக்கு இருந்தது.

செல்வம் தயங்கினான். "ஸ்ட்ராப்ப எங்கண்ணே போடறது? இடுப்புல போட்டா சுத்துது."

"அடிமரத்துல போடு. அதான் இவனுக்கு எலும்பு."

"தாங்குமாண்ணே?"

"டாக்டரே சொன்னாங்கடா. மொத்த வெயிட்டும் அதுலதான்."

நான் ஸ்ட்ராப் பட்டையை இழுத்துச் சிலையைப் பின்னால் சாய்த்தேன். பீடத்தின் முன்விளிம்பு இரண்டு அங்குலம் எழும்பியது. சக்கரம் வைத்த டாலிப் பலகையை உள்ளே தள்ள இடம் வேண்டும் என்று செல்வம் வலது கையால் ஒரு மரக்கட்டையைப் பீடத்துக்கு அடியில் செருகினான். அடிமரம் தனியாகக் கழன்று என் மார்பில் வந்து மோதியது. பீடம் அவன் விரல்கள் மேல் இறங்கியது.

அவன் முதலில் கத்தவில்லை. "அண்ணே, தூக்குங்க, தூக்குங்க," என்றுதான் சொன்னான். தனி ஆளாக என்னால் தூக்க முடியவில்லை. நான் போட்ட கூச்சலில் கல்லூரிக் காவலர் இருவர் ஓடிவந்த பிறகுதான் அவன் கை வெளியே வந்தது.

தரையில் கிடந்த அடிமரத்தின் உள்ளே ஒன்றுமில்லை. விரல் தடிமனுக்குப் பிளாஸ்டர், அதில் கோணிச் சாக்கு நார், அவ்வளவுதான். டாக்டர் வந்து அதைக் குனிந்து பார்த்தார்.

"நான் சொன்னது மார்பிளுக்கு அங்கிள். பிளாஸ்டர்ல காலுக்குள்ள இரும்புக் கம்பி இருக்கு. மரத்தத் தனியா செஞ்சு சும்மா ஒட்டிடுவாங்க. அன்னிக்கே கடைசில அதையும் சொன்னேனே."

4. ரிப்போர்ட்

செல்வத்தை ஆம்புலன்சில் கொண்டுபோன பிறகு பாஸ் வந்தார்.

"அங்க ஸ்ட்ராப் போடச் சொன்னது யாரு?"

"தெரியல பாஸ். அவனே போட்டுட்டான்னு நெனைக்கிறேன்."

என் வாயில் எப்படி வந்தது என்று இன்றும் தெரியாது. பாஸ் எழுதினார்: தொழிலாளி முறையைப் பின்பற்றவில்லை. சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து மருத்துவமனைக்குப் போனேன். நடுவிரலும் மோதிர விரலும் மேல்கணு வரை போய்விட்டன. செல்வம் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்திருந்தான்.

"பாஸ் வந்து கேட்டாருண்ணே. நான் உங்க பேரச் சொல்லல."

"ஏன்?"

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்." அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னான்: "அப்புறந்தான் ரிப்போர்ட்டப் படிச்சுக் காட்டினாரு. கை போனது போச்சு. நாளைக்கு வேற கம்பெனிக்காரன் கேப்பான். சொன்ன பேச்சு கேக்காதவன்னு பேப்பர்ல இருந்தா எவன் எடுப்பான்?"

அங்கிருந்து நேராக ஆபீசுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"இப்ப வந்து சொல்ற? பெர்மிட்ட கேன்சல் பண்ண எழுதி அனுப்பியாச்சு லா."

"அத நிறுத்துங்க பாஸ்."

"அந்தக் கைய வச்சு அவன் இங்க என்ன தூக்குவான்? அது முடிஞ்ச கதை. ரிப்போர்ட்ட வேணா மாத்தலாம். மாத்தினா நீ போகணும், தெரியும்ல?"

"தெரியும்."

"பொய் சொன்ன ஆள என்னால இன்னொருத்தன் கூட வேலைக்கு விட முடியாது, மணியம்," என்றார். கோபம்கூட இல்லை. புதுத் தாளை எடுத்து, நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார்.

5. தேக்கா

கையில் வைத்தியம் முடிந்து செல்வம் ஊருக்குப் புறப்படும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில் சந்தித்தோம். பிள்ளைகளுக்குச் சாக்லேட்டும் ஒரு பெட்டி கலர் பென்சிலும் வாங்கினான். கூட்டத்தில் யாரும் இடித்துவிடாமல் வலது கையை நெஞ்சோடு வைத்தே நடந்தான். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் புது ரிப்போர்ட்டின் பிரதியைக் கொடுத்தேன்.

"உங்க பேரு இருக்குண்ணே."

"ஆமா."

"என் பேரு?"

"கீழ பாரு. சொன்னபடி வேலை செஞ்சு அடிபட்டவர்னு இருக்கு."

இரண்டு முறை வாசித்துவிட்டுப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தான். தட்டு வந்தது. ஸ்பூனை இடது கையில் எடுத்தான். நன்றி என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு வேறு கம்பெனிகளில் இதே வேலையில் இன்னும் நான்கு வருடம் இருந்தேன். புதிதாக வருகிறவர்கள் எது முக்கியம் என்று கேட்பார்கள். நான் சொல்வது இதுதான். தூக்குவதற்கு முன் விரல் முட்டியால் தட்டிக் கேளுங்கள், உள்ளே வெற்றா கெட்டியா என்று தெரியும். அது எளிது, ஒரு நாளில் வந்துவிடும். இன்னொன்று கஷ்டம். யார் செய்யச் சொன்னது என்று மேலே உள்ளவர் கேட்டால், முதல் தடவையிலேயே சொல்லிவிடுங்கள். அவர் இரண்டாவது தடவை கேட்பதில்லை. பதிலை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.