ஒன்பது கையெழுத்துகள்

என் மனைவி சிவகலாவைப் பற்றி எழுத வேறு யாராவது முன்வருவார்கள் என்று மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன். கணவன் எழுதினால் புகழ்ச்சியாகத்தான் இருக்கும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். புகழ்ச்சியாகத்தான் இருக்கப்போகிறது.

நாங்கள் இருப்பது சுவிஸில் ஹிண்டர்மாட் என்ற கிராமம். பாடனிலிருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம். சோளவயல், ஆப்பிள் மரங்கள், ஒரு தேவாலயம், ஒரு கடை, ஒரு முதியோர் இல்லம். தமிழ் வீடுகள் ஐந்து. அந்த இல்லத்தில் சிவகலா இருபத்துமூன்று வருடமாகப் பராமரிப்பு வேலை செய்கிறாள். ஊரில் பாதிப் பேரின் தாய் தகப்பனை அவள் குளிப்பாட்டியிருக்கிறாள், சூப் ஊட்டியிருக்கிறாள், கடைசியில் கண்ணையும் மூடிவிட்டிருக்கிறாள். நான் டீட்டிகோனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்குபவன். என்னை இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

எல்லாம் ஒரு பஸ்ஸால் வந்தது. பாடனிலிருந்து காலை ஐந்து பன்னிரண்டுக்குப் புறப்படும் முதல் பஸ்ஸுக்கு ஊர் கொடுத்துவந்த பணத்தை நிறுத்தப்போவதாகக் கிராமசபை அறிவித்தது. இல்லத்தில் காலை வேலைக்கு வரும் பெண்கள் எல்லோரும் அந்த பஸ்ஸில்தான் வருகிறார்கள். ஊர்க் கூட்டத்தில் சிவகலா எழுந்தாள். நான் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையைத் தட்டிவிட்டாள். “அந்த பஸ் வராவிட்டால் உங்கள் அம்மாவை ஏழு மணிக்கு யார் எழுப்பி உட்கார வைப்பது?” என்று அவர்களுடைய ஜெர்மன் மொழியிலேயே கேட்டாள்.

அடுத்த மாதம் ஐந்து சபை உறுப்பினரில் ஒருவர் சுகமில்லாமல் பதவி விலகினார். இடைத்தேர்தல் வந்தது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை கெல்லர் எங்கள் கதவைத் தட்டி, சிவகலா நிற்கத்தான் வேண்டும் என்றார். எதிரே நின்றவர் ஹூபர். தகப்பன், பாட்டன் எல்லோரும் சபையில் இருந்த விவசாயக் குடும்பம். பஸ் தேவையில்லை என்பது அவர் கட்சி. நல்ல மனிதர்தான். வருடா வருடம் எங்களுக்குச் செர்ரிப் பழம் தருவார். அதனாலேயே எனக்கு அவர்மேல் கோபப்பட முடியவில்லை, அது பெரிய இடைஞ்சலாக இருந்தது.

இங்கே இந்தத் தேர்தலில் பெயருக்கு நேரே புள்ளடி போடுவது கிடையாது. வெறும் கோடு போட்ட சீட்டு வரும். விரும்பியவரின் பெயரைக் கையால் எழுத வேண்டும். சுவிஸ் கணக்கில் சிவகலாவின் குடும்பப் பெயர் மகேஸ்வரன், அதாவது என் பெயர். ஊர் முழுக்க என் பெயரை எழுதப் போகிறது என்ற நினைப்பில் நான் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் திரிந்தேன்.

மிதந்தவன் சும்மா இருந்தேனா? இருபத்தோராவது வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு வேட்பாளரின் முகவராக வாக்குச் சாவடியில் உட்கார்ந்தவன் நான். சீட்டில் வாக்காளரின் பெயரோ கையெழுத்தோ இருந்தால் அதை நிராகரிப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். இங்கே சீட்டோடு ஒரு வாக்குரிமை அட்டையும் வரும். சீட்டைச் சின்ன உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டு, அட்டையில் கையெழுத்து வைத்து, இரண்டையும் பெரிய உறையில் போட வேண்டும். நான் பிரஜாவுரிமை எடுத்துப் பத்து வருடத்துக்கு மேலாகியும் ஒருநாளும் வாக்குப் போட்டதில்லை. அட்டையில் எழுதியிருந்ததை வாசிக்கவுமில்லை. தமிழ் வீடெல்லாம் போய், “ஒரு இடத்திலயும் கையெழுத்து வைக்காதேங்கோ, வைச்சால் வோட்டுச் செல்லாது” என்று பாடம் நடத்திவிட்டு வந்தேன். அண்ணை சொன்னால் சரி என்று எல்லோரும் கேட்டார்கள். சிவகலா மட்டும் தன் அட்டையை வாசித்து, கையெழுத்து வைத்து, முன்பே அனுப்பியிருந்தாள்; நான் நடத்திய பாடம் அவளுக்குத் தெரியாது.

ஞாயிறு மதியம் கிராம அலுவலகக் கதவில் முடிவை ஒட்டினார்கள். முதல் சுற்றில் வெல்ல முன்னூற்றாறு வேண்டும். சிவகலாவுக்கு முன்னூற்றிரண்டு, ஹூபருக்கு இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு, மிச்சம் பதினொன்று வேறு பெயர்கள். ஒருவருக்கும் போதவில்லை, இரண்டாம் சுற்று. கடைசி வரியில், கையெழுத்தில்லாத அட்டைகள்: 9.

முன்னூற்றிரண்டு பேர் என் பெயரை எழுதியிருந்தார்கள். என்னுடைய வாக்கு உறை திறக்கப்படாமலே கிடந்தது.

வீட்டுக்கு வந்து சிவகலா தேநீர் போட்டாள். எனக்கு முன்னால் கோப்பையை வைத்தாள்.

“எங்கடை ஆக்களின்ரை அஞ்சு வீட்டிலயும், என்னை விட்டால், எத்தினை வோட்டு?”

“ஒன்பது,” என்றேன்.

“ஆர் சொல்லிக் குடுத்தது?”

“நான்தான்.”

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லித் தப்பியிருப்பேன். அந்த ஒன்பதும் சேர்ந்திருந்தால் முதல் சுற்றிலேயே வேலை முடிந்திருக்கும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“நாளைக்கு வேலையால வந்து நாலு வீட்டையும் போங்கோ,” என்றாள். “பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ. கையெழுத்தைப் பற்றி மட்டும் கதையுங்கோ. எனக்குப் போடச் சொல்லிக் கேக்காதேங்கோ.”

“கேட்டால் என்ன? எல்லாரும் உமக்குத்தானே போடுவினம்.”

“அப்ப ஏன் கேக்கவேணும்?”

போனேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான நடை நடந்ததில்லை. பஸ் மெக்கானிக் யோகராஜா, “நீங்கள் சொன்னபடியால்தானே அண்ணை நாங்கள் வைக்கேல்லை” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு சுட்டது. “ஓம், என்ரை பிழை” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

கடைசி வீடு ஜெயமலர் அக்காவுடையது. தனியாக இருப்பவர், எங்கள் நாட்டில் போர்க்காலத்தில் எவ்வளவோ பார்த்தவர். என்னைவிட அவருக்குத்தான் பயம்.

“கையெழுத்து வைச்சால் நான் ஆருக்குப் போட்டதெண்டு தெரிஞ்சிடாதோ, தம்பி?”

சின்ன உறையை எடுத்துக் காட்டினேன். அட்டையைச் சரிபார்த்தபின் அதைத் தனியே வைத்துவிடுவார்கள், சின்ன உறையில் பெயர் இல்லை, அதைப் பிறகுதான் திறப்பார்கள் என்று இரண்டு தரம் சொன்னேன். அக்கா பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். பிறகு வெறும் சீட்டை என் பக்கம் திருப்பி, “அப்ப ஆருக்குப் போட?” என்றார்.

என் வாய் உன்னியது. நாக்கு நுனியில் என் பெயரே நின்றது.

“அது உங்கடை விருப்பம், அக்கா,” என்று சொல்லி எழும்பி வந்துவிட்டேன். அவர் என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாம் சுற்று ஞாயிறன்று கதவுக்கு முன்னால் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். சிவகலாவுக்கு முன்னூற்று ஐம்பத்தொன்று. ஹூபருக்கு முன்னூற்று நாற்பத்து நான்கு. ஏழு வாக்கு. கெல்லர் அவளைக் கட்டிப்பிடித்தார். ஹூபர் தொப்பியைக் கழற்றிக் கைகொடுத்து, “என் அம்மாவே உங்களுக்குத்தான் போட்டிருப்பா, உயிரோடு இருந்திருந்தால்” என்றார். பிறகு பஸ் விஷயம் சபைக்கு வந்தபோது மூன்றுக்கு இரண்டில் தப்பியது. அந்த மூன்றில் ஒன்று அவளுடையது. இது பிந்திய கதை.

அன்றைக்கு எல்லோரும் மேல் வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி வரியைத் தேடினேன். கையெழுத்தில்லாத அட்டைகள்: 0.

சிவகலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கம் வந்தாள். அவளும் மேலே பார்க்கவில்லை. விரலை நேரே அந்தப் பூச்சியத்தில் வைத்தாள்.

“இது நீங்கள் செய்தது,” என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் இல்லை. என்னைத் தெரியாத ஹிண்டர்மாட் சனத்துக்கு அன்றிலிருந்து என்னைத் தெரியும். சிவகலாவின் கணவன், அலுவலக வாசலில் நின்று அழுதவன்.