இயல்பான ரத்தம்

மில்வாக்கியில் எங்கள் ஆய்வகத்தில் லியோனா வோய்தாக் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயால் ஒரு சிவப்பணுவை உறிஞ்சி, அதன் சவ்வு எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்று அளப்பது அவள் வேலை. சவ்வில் கொலஸ்ட்ரால் அளவோடு இருந்தால் அணு நெகிழும். மிதமிஞ்சினால் விறைத்து முள் முள்ளாகிவிடும். இதைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசிக் கைதட்டல் வாங்குவது பேராசிரியர் டீட்ஜனின் வேலை. அவர் கடைசியாகக் குழாயைத் தொட்டது எப்போது என்று எங்களில் யாருக்கும் ஞாபகமில்லை.

ஒப்பிடுவதற்கான 'இயல்பான ரத்தம்' அவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். 1976இல் அந்த இயல்பான ரத்தம் முள்ளம்பன்றி ஆனது.

"டாக்டர், உங்க செல்லு ஒண்ணுகூட வளைய மாட்டேங்குது."

"குழாயைச் சரியா கழுவியிருக்க மாட்டே."

"மூணு தரம் கழுவிட்டேன்."

"நாலாந்தரம் கழுவு."

கழுவினாள். பிறகு தன் ரத்தத்தை எடுத்து, அதன் அணுக்களை, அவர் ரத்தத்தில் அணுக்களை நீக்கிய தெளிநீரான சீரத்தில் ஊறவைத்தாள். மறுநாள் அவையும் விறைத்து முள் விட்டிருந்தன.

"குழாய் சுத்தமாத்தான் இருக்கு. உங்க சீரத்துலதான் கொலஸ்ட்ரால் மிதமிஞ்சிக் கெடக்கு. தினம் மத்தியானம் நீங்க பிராந்தியில கழுவுறீங்களே ஒரு ஈரல், அதுதான் கெட்டுப்போச்சு. மஞ்சக் கண்ணோட நிக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க."

போனார். ஆறு வாரம் படுத்தார். திரும்பும்போது பிராந்தியை விட்டிருந்தார். கையில் ஒரு கட்டுரை இருந்தது. கண்டுபிடிப்பு முழுக்க அவருடையதாம். கடைசி வரியில், கண்ணாடிச் சாமான் கழுவித் தந்த எல். வோய்தாக்குக்கு நன்றி.

லியோனா நிதானமாகப் படித்தாள். "இதுல வர்ற நல்ல செல்லு யாரோடது டாக்டர்?"

"உன்னோடதுதான்."

"ரத்தம் குடுத்தவ சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போட்டாளா?"

சிரித்தார். கட்டுரையை வெளியிட வேண்டிய ஆய்விதழ்க்காரர்கள் அதே கேள்வியைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. இரண்டு வாரம் படிவத்தோடு அவள் மேசைக்கு நடையாய் நடந்தார்.

"என்னதாம்மா வேணும் உனக்கு?"

"மொதப் பேரு."

கட்டுரை அவள் பெயரை முதலில் தாங்கி வெளிவந்தது. தாமாக மனமிரங்கிக் கொடுத்ததாக அவர் விருந்துகளில் ஆரஞ்சுச் சாற்றை உறிஞ்சியபடி சொல்லிக்கொண்டார். நாலைந்து நாடுகளிலிருந்து பிரதி கேட்டு அஞ்சலட்டைகள் வந்தன. எல்லாம் 'டாக்டர் வோய்தாக்' பெயருக்கு. உயர்நிலைப் பள்ளியைத் தாண்டாதவள் அவள்.

"டாக்டராமே!" என்றார் டீட்ஜன், அட்டையை நீட்டியபடி.

"அவங்க கட்டுரையைப் படிச்சிருக்காங்க போல," என்று வாங்கிக்கொண்டாள்.