அவள் காலுக்கு எட்டாத கிளட்ச்

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியும் நானும் கண்டியில் ஆசிரியர்களாக இருந்தோம். இளம்பிள்ளை வாதத்தால் அவளுக்கு இடது காலில் பலமில்லை. அதனாலேயே கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஒரு பழைய ஆட்டோ கியர் காரை வாங்கினோம். ஞாயிறுதோறும் அவளே ஓட்டிக்கொண்டு புசல்லாவையில் இருக்கும் தன் தங்கையைப் பார்த்துவருவாள்.

ஓய்வு பெற்றபின் பழைய கார் வைத்திருக்கும் சிலரோடு பழகினேன். "மாஸ்டர், இது லேடீஸ் கார்தானே!" என்று சிரித்தார்கள். கியர்பெட்டி பழுதானதும் அதையே சாக்காக வைத்து, மெனுவல் கியர் போடச் சொன்னேன்.

கராஜ்காரர், எல்லோரும் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், தயங்கினார். "மிஸ்கிட்ட கேட்டீங்களா சேர்? பழசையே செஞ்சு தாறேன். கொஞ்ச நாள் சுணங்கும், அவ்வளவுதான்."

"அவ பழகிக்குவா" என்றேன். அவளிடம் கேட்கவில்லை.

கார் வந்த அன்று அவள் ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்தாள். பாதிகூட இறங்கவில்லை. இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பார்த்தாள். பிறகு சாவியை என்னிடம் நீட்டினாள்.

"நல்லாத்தான் இருக்குங்க. இனி நீங்களே ஓட்டுங்க."

அதன்பின் ஞாயிறுகளில் சேலை உடுத்திக் காத்திருப்பாள். நான் "அடுத்த கிழமை போவோம்" என்பேன். இரண்டு வருடத்தில் நான்கு தடவைதான் கூட்டிப்போனேன். போன மாசியில் அவள் இறந்துவிட்டாள்.

இப்போது ஞாயிறு தவறாமல் நான் புசல்லாவைக்குப் போகிறேன். அவளுடைய தங்கை தேத்தண்ணீர் தருவாள், அதிகம் பேசமாட்டாள். அந்த மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு கிளட்ச் மிதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் என் கால் சுலபமாக இறங்கிவிடுகிறது.