கம்பி இறங்கிய இடம்

சாம்பல்தீவில் எங்களுக்கு ஒரு வெங்காயத் தோட்டம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர, நான் கண்டதில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அது இராணுவ முகாமின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே இருந்தது. சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலத்தில் முகாம் வேறிடத்துக்குப் போயிற்று. கண்ணிவெடி பார்க்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, உப்புவெளியில் உறவினர் வீட்டில் ஒண்டியிருந்த நாங்களும் போய்ப் பார்த்தோம்.

தோட்டம் என்று அப்பா காட்டிய இடத்தில் ஒரு புல்கூட இல்லை. லொறிகளை அங்கேதான் நிறுத்தி வைத்திருந்தார்களாம். வருடக்கணக்காகச் சக்கரம் உருண்டு மண் சீமெந்துத் தரை மாதிரி ஆகியிருந்தது. எட்டுக்கோடு விளையாட அதைவிட நல்ல இடம் எங்கள் பள்ளிக்கூடத்தில்கூட இல்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். அப்பா மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். அது துள்ளித் திரும்பி வந்தது.

அப்பாவுக்கு அவசரம். மாரிக்கு முன்னே உழவு மெசினை இறக்கி ஆழமாகக் கிழித்து, உரத்துக்குச் சணல் விதைத்து, அது பூக்கிற நேரம் மடக்கி உழுதுவிட வேண்டும். பிறகு மாட்டுப்பட்டி அடைத்தால் மண் தன்பாட்டில் இளகும் என்றார். அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா, அதில் எதையும் மறுக்கவில்லை. உழுவதற்கு முன் நிலம் முழுவதையும் கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும் என்று மட்டும் ஒற்றைக்காலில் நின்றார். எங்கே எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரியாமல் உழக்கூடாதாம்.

கைபிடி வைத்த நீளக் கம்பி ஒன்று செய்வித்து, கயிறு கட்டி, அதன் வழியே சாண் சாணாகக் குத்திக்கொண்டு போனார். கயிறு பிடிக்கிற வேலை எனக்கு. வேலிக்கு மேலால் ஆடு எட்டிப் பார்த்தாலே சண்டைக்குப் போகிற அப்பா, இந்தத் தாமதத்தை மட்டும் வாய் திறக்காமல் பொறுத்திருந்தார். பெரியவர்களுக்கு மண் பற்றி நிறையத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் தம்பி மனைவியான சித்தி எங்களோடுதான் இருந்தார். சித்தப்பா கட்டாரில் வேலை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். கடிதமும் இல்லை, ஒரு சொக்கலேற்றும் இல்லை; ஆள் பெரிய கஞ்சன் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். சித்தி பின்னேரத்தில் தேத்தண்ணி கொண்டு வருவார். தோட்டத்துக்குள் கால் வைக்கமாட்டார். வேலியோரம் நின்றபடி, இன்றைக்கு எதுமட்டும் முடிந்தது என்று கேட்பார்.

ஒருநாள் பெரியப்பா தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், பின்வேலிப் பக்கம் நான் கம்பியைப் பிடித்து அமத்தினேன். அது கைபிடிவரை இறங்கியது.

"பெரியப்பா, ஓடி வாங்கோ! இஞ்ச மண் நல்ல மெத்தெண்டு கிடக்கு!"

யாரும் ஓடி வரவில்லை. பெரியப்பா மெல்ல நடந்து வந்தார். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சித்தியிடம் விட்டார். நல்ல மண்ணைக் கண்டுபிடித்ததற்கு இப்படியும் ஒரு தண்டனையா என்று எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பேரும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் தோண்டினார்கள். சித்தி என் தோளைப் பிடித்திருந்தார். அவருடைய நகம் சட்டைக்கு மேலால் பதிந்து நொந்தது.

வெறும் மீன் ரின் தகரங்கள் வந்தன. உக்கிய தேங்காய்மட்டை, போத்தல், தேயிலைச் சக்கை.

"குப்பைக் கிடங்கு," என்றார் அப்பா. "வெறும் குப்பை."

சித்தி சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் கண்டதில்லை. பிறகு அப்படியே நிலத்தில் குந்தி அழுதார். மண் கன்னங்கரேலென்று, புழு நெளிய, அருமையாக இருந்தது. பூசணி போடலாம் என்று நான் யோசனை சொன்னேன். அப்பா கிடங்கைத் திரும்ப மூடத் தொடங்கினார்.

கிணற்றடிப் பக்கம் குத்தாமல் மிச்சம் இருக்கும்போதே மழை இருட்டிக்கொண்டு வந்தது. நிலம் நனைந்தபின் மெசினை இறக்கினால் மண் இன்னும் இறுகிப் பாளம் பாளமாகிவிடும். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா சித்தியைப் பார்த்தார்.

"உழுங்கோ அத்தான்," என்று பெரியப்பாவிடம் சொன்னார் சித்தி. "பிள்ளையள் சாப்பிட வேணும்."

சணல் மஞ்சளாகப் பூத்தது, மடங்கியது. கிண்ணியாவிலிருந்து வந்த மாடுகள் பட்டியில் கிடந்து எழும்பின. அடுத்த மாரிக்கும் அதையே செய்தோம். அதற்குப் பிறகு வெங்காயம் வந்தது.

சித்தப்பா கட்டாருக்குப் போகவே இல்லை என்பது நான் வளர்ந்த பிறகு தெரிந்தது. முகாம் வந்த புதிதில், தண்ணீர் இறைக்கிற மெசினைக் கழற்றிக்கொண்டு வருகிறேன் என்று சைக்கிளில் இந்தத் தோட்டத்துக்குத்தான் புறப்பட்டிருக்கிறார். சந்தியில் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. பெரியப்பா கம்பியால் தேடியது இறுகிய இடத்தை அல்ல; தோண்டி மூடிய இடத்தை.

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. வெங்காயம் கிளப்பிய அன்று, கொட்டிலில் கறள் பிடித்துக் கிடந்த கம்பியைத் தூக்கிவந்து தோட்டத்தின் நடுவில் குத்தினேன். சுகமாக இறங்கியது. வேலியோரம் நின்ற சித்தியைக் கூப்பிட்டேன்.

"சித்தி, பாருங்கோ. இப்ப எங்க குத்தினாலும் இறங்குது."

சித்தி தோட்டத்தை ஒரு கரையிலிருந்து மறுகரைவரை பார்த்தார்.

"ஓம் பிள்ளை. இனி எல்லா இடமும் ஒண்டுதான்."

அவருடைய குரலில் சந்தோஷம் இல்லை. விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, கிணற்றடிப் பக்கம் போய் இன்னும் நாலைந்து இடத்தில் குத்திக் காட்டினேன்.